குண்டு பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால்

என் மேசையின் இடது ஓரத்தில் ஒரு பலகை இருக்கிறது. அதில் ஒரு ஹோல்டர், ஒரு சுவிட்ச், ஒரு பிளக் பாயின்ட், அவ்வளவுதான். ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பு. டிவி, செட்டாப் பாக்ஸ் என்று பழுது பார்த்த எந்தப் பெட்டியையும் நான் நேராகச் சுவர் பிளக்கில் செருகுவதில்லை. முதலில் இந்தப் பலகையில்தான் செருகுவேன். கரண்ட் பல்பைக் கடந்துதான் பெட்டிக்குள் போக வேண்டும். பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து உடனே மங்கிவிட்டால் பெட்டி பிழைத்தது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். எரியவே இல்லையென்றால் வழியில் ஏதோ அறுந்திருக்கிறது. இந்தப் பெட்டிகளுக்குள் சுவர் கரண்டை வேண்டிய வோல்டேஜாக மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ்., அதாவது ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை. அதைப் பழுது பார்க்க உதவும் இந்த மூன்று வரியைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷமும் சில டஜன் டிரான்சிஸ்டர்களும் செலவாயின.

1996-ல் அம்பாசமுத்திரத்தில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்காரரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். உறவெல்லாம் இல்லை, எங்கள் பக்கத்தில் கடையில் உட்கார்ந்திருக்கும் எல்லாருமே அண்ணாச்சிதான். சேர்ந்த மூன்றாவது மாதம், உயிரில்லாமல் வந்த ஒரு கலர் டிவியின் பின்மூடியைக் கழற்றி போர்டைத் தூக்கினேன். பிளக் சுவரில் இல்லை, வயர் என் காலடியில் சுருண்டு கிடந்தது. ஆனாலும் கை தெறித்து, பின்னால் இருந்த ஸ்டூலில் முதுகு இடித்து, தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு விரல் நுனியில் வெள்ளையாகச் சின்னப் புள்ளி.

"பிளக்கைக் கழட்டிட்டுத்தான் தொட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

"கழட்டினே சரி. உள்ள ஒருத்தன் உக்காந்திருக்கானே, அவன்கிட்ட சொன்னியால?"

உள்ளே உட்கார்ந்திருந்தவன் பெரிய கெப்பாசிட்டர். பழைய மெக்கானிக்குகள் கண்டென்சர் என்பார்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசியை நான்கு டயோடு கொண்ட பிரிட்ஜ் டிசியாக மாற்றி, இந்தக் கெப்பாசிட்டரில் நிரப்பி வைக்கிறது. ஏசியின் 230 என்பது ஒரு வகைச் சராசரிக் கணக்கு. அலையின் உச்சி அதைப்போல் 1.414 மடங்கு. அதனால் கெப்பாசிட்டரில் நிற்பது சுமார் 325 வோல்ட் டிசி. ஆளையே சாய்க்க அது போதும்.

இதில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பிடிபடாத ஒரு விஷயம் உண்டு. நன்றாக ஓடுகிற டிவியை அணைத்தால் அந்த 325 வோல்ட்டைப் பெட்டியே குடித்துத் தீர்த்துவிடும், சில நொடிகளில் காலியாகும். ஓடாத டிவியில் குடிக்க ஆளில்லை. அப்படியே நிற்கும், சில நேரம் மணிக்கணக்காக நிற்கும். அதாவது செத்த பெட்டிதான் கையைக் கடிக்கும். ரிப்பேருக்கு வருவதெல்லாம் செத்த பெட்டிதானே. அன்றிலிருந்து போர்டைத் திருப்பியதும் மீட்டரை 1000 வோல்ட் டிசியில் வைத்து அந்த இரண்டு காலையும் அளந்துவிட்டுத்தான் மற்ற வேலை. மிச்சம் இருந்தால் ஒரு குண்டு பல்பின் இரண்டு வயரை அதில் வைத்து இறக்குவேன், பிறகு மறுபடி அளப்பேன். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்கிறவர்கள் உண்டு. பட்டென்று வெடிக்கும், காப்பர் தடம் எகிறும், கெப்பாசிட்டரும் கெடும். அதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறதோ, எனக்குப் புரிந்ததில்லை.

எஸ்.எம்.பி.எஸ். எப்படி வேலை செய்கிறது என்று அண்ணாச்சி சொல்லித் தந்தது ஒரு சாயங்காலம், கரண்ட் போன நேரத்தில். அவருக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் உண்டு. அதனால் பாடமும் வயலில்தான் நடந்தது.

ரேடியோவுக்குப் பேட்டரிக்குப் பதில் மாட்டும் பழைய எலிமினேட்டரை நினைத்துக்கொள் என்றார். உள்ளே இரும்புத் தகடு அடுக்கிய டிரான்ஸ்பார்மர். 230-ஐ 15, 18 என்று இறக்கும். டயோடு அதை டிசி ஆக்கும். கடைசியில் 7812 மாதிரி ஒரு மூன்று கால் ரெகுலேட்டர் மிச்சத்தைத் தடுத்து 12 வோல்ட் மட்டும் கொடுக்கும். தடுத்த மிச்சம் எங்கே போகிறது? சூடாகப் போகிறது. 18 வோல்ட் வந்து 12 வோல்ட் போனால், ஒரு ஆம்பியர் ஓடும்போது 6 வாட் சும்மா ரெகுலேட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கும். குளத்துக்குக் கால்வாய் நிறையத் தண்ணீரை விட்டுவிட்டு, வேண்டாததை மறுகால் வழியே வெளியே தள்ளுவது போல. குளத்து மட்டம் சரியாக நிற்கும், தண்ணீர் வீண்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மறுகாலே கிடையாது. மடையில் ஒரு ஆள் நிற்கிறான். பலகையை முழுசாகத் திறப்பான், அல்லது முழுசாக மூடுவான். பாதி திறப்பது என்ற பேச்சே இல்லை. திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்தே குளத்து மட்டத்தைப் பிடிப்பான். அந்த ஆள்தான் ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர், இப்போது பெரும்பாலும் மாஸ்ஃபெட். முழுசாகத் திறந்திருக்கும்போது அதன் மேல் வோல்டேஜ் நிற்காது, முழுசாக மூடியிருக்கும்போது கரண்ட் ஓடாது. இரண்டில் ஒன்று சுழியாக இருப்பதால் சூடும் குறைவு. அதனால்தான் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு வாட் வரை மறுபக்கம் போய்ச் சேருகிறது.

"எத்தனை தடவை திறந்து மூடுவான் அண்ணாச்சி?"

"ஒரு செகண்டுக்கு அறுபதாயிரம் தடவை, எழுபதாயிரம் தடவை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் மூலையில் கிடந்த ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் டிரான்ஸ்பார்மரை என் மடியில் வைத்தார். நாலு கிலோ இருக்கும். இன்னொரு கையில், டிவி போர்டிலிருந்து கழற்றிய, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஃபெரைட் டிரான்ஸ்பார்மரைக் கொடுத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை பார்க்கிறது என்றார். சுவர் கரண்ட் நொடிக்கு 50 தடவைதான் அலைகிறது. ஒவ்வொரு அலைக்கும் நிறையச் சுமக்க வேண்டும், அதனால் அண்டா மாதிரிப் பெரிய இரும்பு வேண்டும். நொடிக்கு அறுபதாயிரம் நடை நடக்கிறவனுக்குத் தம்ளர் போதும். அந்த வேகத்தில் சாதாரண இரும்புத் தகட்டைப் போட்டால் அதற்குள்ளேயே சுழல் கரண்ட் ஓடிப் பழுத்துவிடும். அதனால்தான் ஃபெரைட். பார்க்கக் கருப்பாகச் சட்டி ஓடு மாதிரி இருக்கும், கீழே விழுந்தால் ஓடு மாதிரியே உடையும்.

இன்னொரு ஆளும் இந்தக் கதையில் உண்டு. குளத்துக் கரையில் ஒருவன் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். மட்டம் ஏறினால் மடைக்காரனுக்கு டார்ச் அடிப்பான், அவன் திறக்கும் நேரத்தைக் குறைப்பான். டார்ச் என்று அண்ணாச்சி உவமைக்குச் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன். நிஜமாகவே வெளிச்சம்தான். போர்டில் நாலு காலோடு குட்டியாக இருக்கும் ஆப்டோ கப்ளர், பிசி 817 மாதிரி, உள்ளே ஒரு எல்.இ.டி.யும் எதிரில் ஒரு ஒளி டிரான்சிஸ்டரும் கொண்டது. டிஎல் 431 என்ற மூன்று கால் பொருள் மட்டத்தைப் பார்க்கும், ஆப்டோ வெளிச்சம் அடிக்கும். கம்பித் தொடர்பே இல்லை. இந்தக் கரையில் 325 வோல்ட், அந்தக் கரையில் நாம் கையால் தொடும் 12 வோல்ட். நடுவில் ஃபெரைட்டின் காந்தமும் ஆப்டோவின் வெளிச்சமும் மட்டும்தான் கடக்கலாம். சார்ஜரைப் பிடித்துக்கொண்டு போன் பேசுகிறவர் உயிரோடு இருப்பது இந்த இடைவெளியால்தான்.

அண்ணாச்சிக்கு மடை, எனக்கு மீட்டர். இரண்டு கரைக்கும் தனித்தனி நெகட்டிவ் உண்டு என்பது அன்றைக்கே மண்டையில் ஏறியது. முதல் கரையில் அளக்கும்போது மீட்டரின் கருப்பு வயர் பெரிய கெப்பாசிட்டரின் நெகட்டிவில், மறுகரையில் அளக்கும்போது அவுட்புட் நெகட்டிவில். மாற்றி வைத்துவிட்டு "வோல்டேஜே வரலை" என்று போர்டைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இனி பலகையில் இருக்கும் பல்புக்கு வருகிறேன். ஒருமுறை ஃப்யூஸ் கருகிய போர்டு வந்தது. ஃப்யூஸ் கண்ணாடி உள்ளே கருப்பாகவோ வெள்ளி பூசியது போலவோ இருந்தால் பெரிய ஷார்ட். கம்பி மட்டும் சுத்தமாக அறுந்திருந்தால் அவ்வளவு பயமில்லை. இது கருப்பு. மாஸ்ஃபெட் ஷார்ட் என்று மீட்டர் காட்டியது. புதிது போட்டேன், ஃப்யூஸ் மாற்றினேன், சுவிட்சைத் தட்டினேன். டப்! புது மாஸ்ஃபெட்டின் முகமே பெயர்ந்துவிட்டது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் இன்னொன்று எடுத்துக் கொடுத்தார். அதுவும் டப். மூன்றாவதைக் கேட்டபோதுதான் வாய் திறந்தார். "மாடு செத்தா புது மாடு வாங்கி அதே தொழுவுல கட்டுவியா? பாம்பைத் தேடமாட்டியா?"

பாம்பு மாஸ்ஃபெட்டைச் சுற்றியே இருந்தது. மாஸ்ஃபெட் சாகும்போது தனியாகச் சாவதில்லை. அதைத் திறந்து மூடச் சொல்லும் ‘கேட்’ என்ற காலுக்குப் போகும் சிறு ரெசிஸ்டரும், காலடியில் இருக்கும் 0.22, 0.33 ஓம் மாதிரிக் கரண்டை அளக்கும் ரெசிஸ்டரும், பல நேரம் அதை ஓட்டும் ஐசியும் சேர்ந்தே போயிருக்கும். அந்தக் கரண்ட் ரெசிஸ்டர் மதிப்பு மாறியிருந்தால் ஐசிக்கு எவ்வளவு ஓடுகிறது என்றே தெரியாது. மாற்றும்போது அந்தக் கூட்டத்தையே மாற்ற வேண்டும், பல்பு வழியாகவே ஓட்ட வேண்டும். பல்பு இருந்திருந்தால் நான் போட்ட இரண்டு மாஸ்ஃபெட்டும் பிழைத்திருக்கும். ஷார்ட் என்றால் கரண்டைப் பல்பு வாங்கிக்கொண்டு எரியும், போர்டு தப்பிக்கும். ஒன்று மறக்கக்கூடாது: சீரிஸ் பல்பு போர்டைத்தான் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஷாக் அதே ஷாக்தான்.

இத்தனை வருஷத்தில் என்னை அதிகம் அலைக்கழித்தது, மலைமேல் இருக்கும் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு டிவி. 2009 வாக்கில், நான் தனியாகக் கடை போட்ட பிறகு. எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒருவர் பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தார். சீட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் போட்டால் பாடுகிறது. இரண்டு நாள் ஓடவிட்டேன், ஒரு குறையும் இல்லை. எடுத்துப் போனார். அடுத்த வாரம் திரும்ப வந்தார். "மேல போனா ஓட மாட்டேங்கு தம்பி." இங்கே போட்டேன், ஓடுகிறது. மூன்றாவது முறை அவர் வந்தபோது முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. இத்தனைக்கும் பஸ் சார்ஜ் மட்டுமே ரிப்பேர் கூலியைத் தாண்டியிருக்கும்.

"எப்பவுமே ஓடலையா, சில நேரமா?"

"காலையில ஓடாது. மத்தியானம் வெயில் வந்தா சில நாள் ஓடும்."

இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். போர்டைக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, பக்கத்து டீக்கடை ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்கு நடுவில் அரைமணி வைத்தேன். டீக்கடை மதினி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எடுத்துவந்து ஈரம் படியும் முன் துடைத்துவிட்டுப் போட்டால், ஓடவில்லை. டிக்… டிக்… டிக் என்று மெல்லிய சத்தம் மட்டும்.

அந்த டிக் டிக் என்னவென்று சொல்கிறேன். அந்த போர்டில் இருந்தது யூசி 3842 என்ற ஐசி. அது விழிக்கச் சுமார் 16 வோல்ட் வேண்டும், 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் தூங்கிவிடும். ஆரம்பத்தில் ஒரு பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர் வழியாகச் சொட்டுச் சொட்டாக வரும் கரண்ட், ஒரு சின்னக் கெப்பாசிட்டரை நிரப்பும். 16 ஆனதும் ஐசி விழிக்கும், மாஸ்ஃபெட்டை ஓட்டும். அதற்குப் பிறகு டிரான்ஸ்பார்மரே தனி சுற்று ஒன்றால் ஐசிக்குச் சாப்பாடு போடும். அந்தச் சாப்பாடு வந்து சேரும்வரை தாக்குப்பிடிப்பது அந்தச் சின்னக் கெப்பாசிட்டர்தான். 47 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட், அப்போதைய விலை மூன்று ரூபாய். உள்ளே இருக்கும் திரவம் வருஷக்கணக்கில் சூட்டில் காய்ந்திருந்தது. வெயிலில் எப்படியோ சமாளித்தது. குளிரிலோ, காய்ந்த கெப்பாசிட்டர் இன்னும் மந்தமாகும், உள் எதிர்ப்பு ஏறும். ஐசி விழிக்கும், உடனே தூங்கும், மறுபடி விழிக்கும். மாஞ்சோலைக் காலையில் நடந்தது அது. அம்பாசமுத்திர வெயிலில் அது நடக்கவே நடக்காது.

மூன்று ரூபாய் சாமானை மாற்றினேன். பக்கத்தில் இருந்த இன்னும் நாலையும் மாற்றினேன். அவர் அதற்குப் பிறகு அந்த டிவிக்காக வரவில்லை, ஒருமுறை தேயிலைப் பொட்டலம் கொடுக்க வந்தார்.

இந்த எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்தான் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் முதலில் முதுமை அடைகிறது. தலை உப்பியிருந்தால் கண்ணுக்கே தெரியும். உப்பாமலும் சாகும், மாஞ்சோலை டிவியில் நடந்தது போல. சாதா மீட்டரில் மைக்ரோ ஃபாரட் சரியாகக் காட்டலாம், உள் எதிர்ப்பை அளக்க இ.எஸ்.ஆர். மீட்டர் வேண்டும். இன்று என்ன விலைக்கு வாங்கினாலும் அது ஒரு மாதத்தில் காசை எடுத்துத் தந்துவிடும். மாற்றும்போது 105 டிகிரி என்று எழுதியதைத்தான் போட வேண்டும், 85 டிகிரி வேண்டாம். வேலை செய்யும் சூடு பத்து டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பு என்பது தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. பத்து டிகிரி ஏறினால் பாதி. இதைச் சொல்லித்தான் வீட்டுக்காரர்களிடம் செட்டாப் பாக்ஸுக்கு எம்பிராய்டரி உறை தைத்துப் போடாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். கேட்கிறவர்கள் குறைவு. அழகு முக்கியம்.

லோ வோல்டேஜில் டிவி கெட்டுவிட்டது என்று சொல்லி வருவார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. அடாப்டர் முதுகில் 100-240 என்று எழுதியிருக்கும், பம்புசெட்டெல்லாம் ஓடி வோல்டேஜ் 160-க்கு இறங்கினாலும் எஸ்.எம்.பி.எஸ். மடையை அதிக நேரம் திறந்து சமாளிக்கும். ஃபேன் மெதுவாகச் சுற்றும்போதும் டிவி படம் சுருங்காமல் நிற்பது அதனால்தான். ஆனால் வோல்டேஜ் குறையக் குறைய அது இழுக்கும் கரண்ட் கூடும், சூடும் கூடும். ஒரு நாளில் கொல்லாது, ஆயுளில் பிடிக்கும்.

ஒரே நாளில் கொல்வது ஹை வோல்டேஜ். ஒரு ஆனி மாதம், மேல்காற்று அடித்த அடியில் களக்காட்டுப் பக்கம் ஒரு தெருவில் தென்னை மட்டை விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்தது. மறுநாள் காலை அந்த ஒரு தெருவிலிருந்து மட்டும் செட்டாப் பாக்ஸ், டிவி, எல்.இ.டி. பல்பு என்று ஒரு லோடு ஆட்டோவே வந்தது. கொண்டுவந்தவர், "ஏதோ இடி இறங்கிட்டு போல" என்றார். வானத்தில் மேகமே இல்லை.

நடந்தது இது. கம்பத்தில் மூன்று பேஸ், ஒரு நியூட்ரல். ஒவ்வொரு வீடும் ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230-ஐ வாங்கிக்கொள்கிறது. நியூட்ரல் அறுந்தால் இரண்டு பேஸில் இருக்கும் வீடுகள் ஒன்றுக்கொன்று தொடராகிவிடும், நடுவில் 400 வோல்ட். ஒரு வரிசையில் மோட்டார் ஓடி, மறு வரிசையில் ஒரு டிவி மட்டும் ஓடினால், டிவி பக்கம்தான் பெரும்பங்கு வோல்டேஜ் போய் நிற்கும். 400-இன் உச்சி 565. போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் தாங்குவது 400 அல்லது 450. அன்று வந்த பெட்டிகளைத் திறந்தால் கெப்பாசிட்டர் தலை பிளந்து, உள்ளே இருந்த காகிதம் பஞ்சு மாதிரிப் போர்டு முழுக்கப் பறந்து கிடந்தது.

அன்றைக்கு லேசாகப் பிழைத்தவை எவை தெரியுமா? ஃப்யூஸுக்குப் பின்னால் நீல நிறத்தில் பொட்டு மாதிரி ஒரு வேரிஸ்டர் இருந்த பெட்டிகள். வோல்டேஜ் எல்லை மீறினால் அது தன்னையே ஷார்ட் ஆக்கிக்கொண்டு ஃப்யூஸை அறுத்துவிடும். வேரிஸ்டர், ஃப்யூஸ் இரண்டையும் மாற்றினால் பெட்டி ரெடி. சில மலிவுப் பெட்டிகளில் அந்த இடத்தில் துளை மட்டும் இருந்தது, சாமான் இல்லை. நான் ரிப்பேர் பார்த்தவற்றில் அந்தத் துளைகளை நிரப்பியே கொடுத்தேன். தெருக்காரர்களிடம், மெயினில் ஓவர் வோல்டேஜ் கட் ஆஃப் ஒன்று போடுங்கள், டிவிக்கு மட்டும் ஸ்டெபிலைசர் வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம் என்றேன். ஃபேன் திடீரென்று பேய் பிடித்த மாதிரிச் சுற்றினாலோ, ஒரு பல்பு ஓவராக எரிந்து இன்னொன்று மங்கினாலோ உடனே மெயினை அணைக்க வேண்டும். யோசிக்கவெல்லாம் நேரமில்லை.

அப்புறம் அந்த "லேசா கரண்ட் அடிக்கு" புகார். 2011-க்குப் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசு மடிக்கணினி வந்தபோது இது வரிசையாக வந்தது. ஒரு பாட்டி, "எய்யா, இந்தப் பெட்டியில பேய் இருக்கு, தொட்டா சுறுசுறுங்கு" என்றே கொடுத்தார். பெட்டியில் பேயும் இல்லை, பழுதும் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். நொடிக்கு அறுபதாயிரம் தடவை தட்டும் மின் சத்தம் வெளியே போகாமலிருக்க, இரு கரைக்கும் நடுவிலும் எர்த்துக்கும் ஒய் கெப்பாசிட்டர் என்று நீலநிறக் குட்டிகளை வைத்திருப்பார்கள். அதன் வழியாகத் துளியளவு கரண்ட் கசியும். மூன்றாவது பின் எர்த்தில் இருந்தால் கசிவு மண்ணுக்குப் போய்விடும். வீட்டில் எர்த்தே இல்லையென்றாலோ, மூன்றாவது பின்னை முறித்துவிட்டு டூ பின்னில் செருகியிருந்தாலோ உலோகப் பகுதி பாதி வோல்டேஜில் மிதக்கும். டெஸ்டர் எரியும், புறங்கை சுறுசுறுக்கும். அந்தப் பாட்டி வீட்டில் எர்த் வயர் சுவருக்குள் மண்ணைத் தொடாமலே முடிந்திருந்தது. எர்த் குழி தோண்டிய அன்றே பேய் ஓடிவிட்டது.

ஆனால் எல்லாச் சுறுசுறுப்பும் இந்த வகை இல்லை. சுறுசுறுக்காமல் பிடித்து இழுத்தால் அது வேறு, உடனே கழற்றிக் கொண்டுவர வேண்டும். ஒய் கெப்பாசிட்டர் போனால் அதற்கென்று ஒய் முத்திரை உள்ளதைத்தான் போட வேண்டும். அந்த வகை கெடும்போது ஷார்ட் ஆகாமல் திறந்துகொள்ளும்படிச் செய்யப்பட்டது. பெட்டியில் கிடந்த சாதா டிஸ்க் கெப்பாசிட்டர் ஒன்றை எடுத்து ஒட்டுகிற மெக்கானிக்கிடம் வீட்டுப் பிள்ளையை அனுப்பக்கூடாது. ரோட்டோரம் ஐம்பது ரூபாய்க்கு விற்கும் சார்ஜர் சிலவற்றை உடைத்துப் பார்த்திருக்கிறேன். 325 வோல்ட் ஓடும் தடத்துக்கும் யு.எஸ்.பி. தடத்துக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒழுங்கான போர்டில் அங்கே அகலமாக இடம் விட்டு, ஆப்டோவுக்கு அடியில் ஒரு வெட்டுக் கோடும் போட்டிருப்பார்கள். சார்ஜரில் ஆர் என்று தொடங்கும் பதிவெண்ணோடு பி.ஐ.எஸ். குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள் என்பதற்கு மேல் நான் என்ன சொல்ல.

சத்தம் என்றேன் அல்லவா, அதற்கும் ஒரு கதை உண்டு. வீரவநல்லூரில் ஒரு பெரியவர் திருநெல்வேலி வானொலியை மீடியம் வேவில் காலையும் மாலையும் கேட்கிறவர். ரேடியோ இரவில் மட்டும் கரகரக்கிறது என்று மூன்று தடவை கொண்டுவந்தார். கடையில் தெளிவாகப் பேசும். மாஞ்சோலைப் பாடம் நினைவுக்கு வந்து, இந்தமுறை நானே அவர் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டுத் திண்ணையில் புது எல்.இ.டி. பல்பு. அதை அணைத்தால் ரேடியோ தெளிவு, போட்டால் கரகர. பல்புக்குள் இருப்பதும் ஒரு சின்ன எஸ்.எம்.பி.எஸ்.தான். ஃபில்டர் சுருளுக்குப் பதில் ஒரு வயர்த்துண்டு ஒட்டிச் செலவை மிச்சம் பிடித்திருந்தார்கள். ரேடியோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு பல்பு வாங்கிக் கொடுத்தேன். அந்தக் காசைப் பெரியவரிடம் வாங்க முடியவில்லை.

இப்போது எதைத் திறந்தாலும் உள்ளே இதுதான். போன் சார்ஜர், எல்.இ.டி. டிவி, கேமரா பெட்டிக்கான 12 வோல்ட் தகரப் பெட்டி, எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜர், செல்போன் டவரில் 48 வோல்ட் தரும் அடுக்கு, எல்லாம். 1977-ல் வந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் என்பவர் ஃபேன் இல்லாமலே ஓடும்படி இப்படி ஒரு சப்ளையைச் செய்துகொடுத்தார். அப்போது அது பெரிய பேச்சு, இன்று சாதாரண எல்.இ.டி. பல்புக்குள் கிடக்கிறது. பணகுடி, ஆரல்வாய்மொழிப் பக்கம் புதிதாக நிற்கும் பெரிய காற்றாலைகளிலும் மின்சாரத்தைச் சீராக்க இதே திறந்து மூடும் வித்தைதான், அளவு மட்டும் ராட்சச அளவு.

கோயில் கொடைக்குப் போகும் ரேடியோ செட்டுக்காரர்கள் மட்டும் இன்னும் இரண்டு கட்சி. எஸ்.எம்.பி.எஸ். ஆம்ப்ளிஃபயரை ஒரு ஆள் ஒரு கையில் தூக்கிவிடலாம், பழைய டிரான்ஸ்பார்மர் ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு ஆள். ஆனால் நடுச்சாமத்தில் சாமியாடும்போது ஜெனரேட்டர் திணறி வோல்டேஜ் மேலும் கீழும் குதித்தால், டிரான்ஸ்பார்மர் உறுமிக்கொண்டே தாங்கும். மற்றது சட்டென்று பாதுகாப்புக்குப் போய் ஊமையாகிவிடும், சாமி பாதியில் நிற்கும். சாமானைப் பொறுத்தவரை அது செய்தது சரி. வரிகொடுத்த ஊர்க்காரர்களிடம் அதைச் சொல்ல முடியுமா? ஜெனரேட்டரை நம்பி ஓட்டுகிறவர்களுக்குப் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி.

கடற்கரை ஊர்களுக்குத் தனிக் கணக்கு. உவரி, இடிந்தகரைப் பக்கமிருந்து வரும் போர்டுகளில் உப்புக்காற்றால் கால்களில் பச்சை பூத்திருக்கும். முதலில் பிரஷ்ஷும் ஐ.பி.ஏ. என்ற ஆல்கஹால் திரவமும் கொண்டு கழுவிக் காயவைத்தாலே பாதி பிழைக்கும். பல்லி விழுந்து ஷார்ட் ஆனவை மலையடிவாரத்திலிருந்தும் வரும், கடற்கரையிலிருந்தும் வரும். பல்லிக்கு ஊர் பேதமில்லை.

போன மாதம் பலகையில் இருந்த குண்டு பல்பு ஃப்யூஸ் ஆனது. கடையில் புதிதாகச் சேர்ந்த பையன், நான் டீ குடிக்கப் போன நேரத்தில், அந்த ஹோல்டரில் 9 வாட் எல்.இ.டி. பல்பைப் போட்டுவிட்டு ஒரு டிவியைச் சோதித்திருக்கிறான். பல்பு மினுக்கியது, அணைந்தது, மினுக்கியது. டிவி வரவில்லை. "போர்டு போயிட்டு அண்ணாச்சி" என்று சொன்னான். போர்டு போகவில்லை. அந்த வேலைக்குக் குண்டு பல்புதான் ஆகும். குளிர்ந்திருக்கும்போது அதன் இழைக்கு எதிர்ப்பு குறைவு, சூடேறினால் பத்து மடங்குக்கு மேல் ஏறும். அதனால்தான் நல்ல போர்டுக்கு வழிவிடுகிறது, கெட்ட போர்டை மறிக்கிறது. எல்.இ.டி. பல்போ தானே ஒரு எஸ்.எம்.பி.எஸ்., அது எப்படி இன்னொன்றுக்குக் காவல் நிற்கும்?

குண்டு பல்பு தேடித் திருநெல்வேலி டவுனில் ரதவீதியைச் சுற்றினேன். நாலாவது கடையில்தான், மேல் தட்டில் தூசியோடு இருந்தது. ஒரு டஜன் வேண்டும் என்றேன்.

"கோழிக்குஞ்சுக்கா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல அண்ணாச்சி, டிவிக்கு."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பல்புகளை ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்துக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தார்.